24 பேர், 18 டிக்கெட்: பாலைவனத்தில் ஒரு கேம்ப் நடத்திய அனுபவம்

2018 வசந்தகாலத்தில் ஒரு புதன்கிழமை. மதியம் 12 மணிக்கு, அமெரிக்கப் பாலைவனத்தில் வருடாவருடம் நடக்கும் பர்னிங் மேன் திருவிழாவின் டிக்கெட் விற்பனை தொடங்கியது. எங்கள் கேம்ப்பைச் சேர்ந்த 12 பேர் அவரவர் இருந்த இடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். வாட்ஸப் குழுவில் முதல் பத்து நிமிடம் ஒரு செய்தியும் இல்லை, அப்புறம் ஒருவர் "கிடைச்சிருச்சு, ரெண்டு" என்று போட்டார், அதற்குப் பின் இன்னொருவர், இன்னொருவர், கடைசியாக ஒருவர். அவ்வளவுதான். மீதி 8 பேருக்கும் வரிசைப் பக்கம் அப்படியே நின்று, கடைசியில் விற்றுத் தீர்ந்துவிட்டது என்ற வரி வந்தது. ஒருவர் இரண்டு டிக்கெட் வரை வாங்கலாம் என்பதால் 4 பேர் மூலம் 8 டிக்கெட். ஏற்கெனவே கேம்ப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை 10. மொத்தம் 18. நாங்கள் 24 பேர்.

அந்த வருடம் நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஆறு டிக்கெட் குறைந்ததை விட, அந்தக் குறையை நான் கையாண்ட விதம்தான் பெரிய சேதம் செய்தது. என்ன செய்தேன், மறுவருடம் எதை மாற்றினோம் என்று விரிவாகவே எழுதுகிறேன். டிக்கெட் தட்டுப்பாடு உள்ள எந்தத் திருவிழாவுக்கும் குழுவாகப் போகிறவர்களுக்கு இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பர்னிங் மேன் 1986இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் ஒரு மர உருவத்தை எரித்ததில் தொடங்கியது. 1990இல் நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்துக்கு மாறியது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்தோடு முடியும். வெறும் வறண்ட ஏரிப் படுகையில் பெரிய வளைவாக ஒரு நகரம் எழும்பி, ஒரு வாரம் இருந்து, சுவடில்லாமல் மறையும். ஐஸ் தவிர அநேகமாக எதுவும் விலைக்குக் கிடைக்காது. தண்ணீர், உணவு, நிழல், மின்சாரம் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். அதனால்தான் ஆட்கள் குழுவாகச் சேர்ந்து கேம்ப் போடுகிறார்கள். அதிலும் தீம் கேம்ப் என்றால் வருகிறவர்களுக்கு ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும், காசு வாங்காமல். எங்களுடையது ஊஞ்சல் கேம்ப். பெரிய நிழல் பந்தல், அதற்குக் கீழே ஆறு மர ஊஞ்சல், எலுமிச்சைத் தண்ணீர். வெயில் உச்சியில் இருக்கும்போது வந்து உட்கார்ந்து ஆடிவிட்டுப் போவார்கள். பெரியவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

டிக்கெட் தட்டுப்பாடு 2011இல் ஆரம்பித்தது. அந்த வருடம்தான் முதல் முறையாக எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. 2012இல் குலுக்கல் முறை வைத்தார்கள். இருந்ததைவிடக் கேட்டவர்கள் மிக அதிகம், வருடக்கணக்காகக் கேம்ப் நடத்தியவர்களில் ஏராளமானோருக்குக் கிடைக்கவில்லை. ஊஞ்சல் கட்டுகிறவரும் கலைப்பொருள் செய்கிறவரும் வெளியே நின்றால் அங்கே நகரம் எதை வைத்து எழும்பும்? அதனால் மீதமிருந்த 10,000 டிக்கெட்டைப் பொது விற்பனைக்கு விடாமல் கேம்ப்களுக்கும் கலைத் திட்டங்களுக்கும் நேரடியாகக் கொடுக்க முடிவு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் கேம்ப்களுக்கான தனி ஒதுக்கீட்டு விற்பனை வந்தது. டிக்கெட் வேண்டாம் என்கிறவர் திருப்பிக் கொடுக்க, வரிசையில் இருப்பவர் அச்சிட்ட விலைக்கே வாங்கிக்கொள்ள ஸ்டெப் என்ற ஏற்பாடும் 2012இல்தான் வந்தது. ஒதுக்கீடு கேம்ப்பின் முழு எண்ணிக்கைக்கும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்த 10 என்பது பாதிக்கும் குறைவு.

என் முதல் தவறு அந்த 10இல்தான்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று யோசித்து, பழைய நண்பர்களுக்குக் கொடுத்தேன். கேம்ப் தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர்கள், அவர்களை விட்டுவிட்டு நேற்று வந்தவருக்குக் கொடுப்பதா என்று மனதுக்குத் தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் காரணம் சொல்லவில்லை, பெயர்களை அனுப்பிவிட்டேன். விற்பனை நாள் முடிந்த பிறகுதான் உறைத்தது. ஊஞ்சல் சட்டத்தைப் பாதுகாப்பாகக் கட்டத் தெரிந்த ஒரே ஆள் கையில் டிக்கெட் இல்லை. கழிவுநீரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இல்லை. சமையல் பொறுப்பாளரிடமும் இல்லை. கையில் டிக்கெட் உள்ள 10 பழைய நண்பர்களில் இரண்டு பேர் ஜூன் மாதம் வேலை காரணமாக வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த டிக்கெட்டுகளை கேம்ப்புக்கே கொடுத்தார்கள். ஆனால் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, பொறுப்பான வேலையில் இருந்த இரண்டு பேர் போவோமா மாட்டோமா என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

இரண்டாவது தவறு, விற்பனை நாளுக்கு முன் ஒன்றைப் பேசி வைக்காதது. டிக்கெட் கிடைத்த நான்கு பேரில் ஒருவர் தன்னுடைய இரண்டாவது டிக்கெட்டை அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் எங்கள் கேம்ப்பில் இல்லை, வேறு நண்பர்களோடு தங்கப் போகிறவன். குழுவில் பெரிய சண்டை. "கேம்ப்புக்காக உட்கார்ந்துதானே வாங்கினோம்" என்று ஒரு பக்கம், "என் காசு, என் கணக்கு, யாரும் முன்னாடியே சொல்லலையே" என்று அவர் பக்கம். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்.

ஆக கைவசம் 17, போக வேண்டியவர்கள் 22. ஸ்டெப் வரிசையில் எல்லோரும் பதிவு செய்திருந்தோம், அதில் ஜூலை கடைசியில் ஒன்று வந்தது. கடைசி நேர விற்பனையில் இன்னொன்று. ஒரு தம்பி பொறுமை இழந்து, இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாகப் பணம் அனுப்பினான். அந்த வருடம் முக்கிய விற்பனையில் ஒரு டிக்கெட் 425 டாலர், இவன் 600 கொடுத்தான். பணம் போன மறுநாள் அந்தக் கணக்கே காணாமல் போயிற்று. எங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் தடுத்திருப்போம். வெட்கப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னான். கேம்ப்பில் யாரும் வெளியாளிடம் தனியாகப் பணம் அனுப்பக் கூடாது, அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பதை நாங்கள் இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம். பணம் போவதைத் தடுப்பதற்கு மட்டுமல்ல அது. கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கும்வரை, பதுக்கி விற்கிறவன் அடுத்த வருடமும் வாங்கி வைப்பான்.

கடைசியில் 19 பேர் போனோம். ஆனால் மார்ச் மாதமே 24 பேருக்கென்று லாரி, ஜெனரேட்டர், பந்தல் துணி எல்லாம் முன்பதிவு செய்து முடித்திருந்தேன். ஆளுக்கு 350 டாலர் பங்கு, 24 பேருக்கு 8,400. வராத ஐந்து பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், அதுதான் நியாயம். 1,750 டாலர் துண்டு விழுந்தது. போன 19 பேரும் தலைக்கு 92 டாலர் கூடுதலாகப் போட்டோம். அதில் இரண்டு பேருக்கு அது சுலபமான தொகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் விட என்னை இன்றும் உறுத்துவது வேறு. ஊஞ்சல் பலகைகள் ஆறையும் இழைத்து, ஓரம் மழுக்கி, எண்ணெய் பூசிக் கொடுத்தவர் ஒரு அக்கா. மூன்று மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். அவருக்கு டிக்கெட் இல்லை. அவர் கேட்கும்போதெல்லாம் "எப்படியும் கிடைச்சிரும் அக்கா, கடைசி வாரத்துல நிறைய பேர் விடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் நம்பித்தான் சொன்னேன். ஆகஸ்ட் 20 வரை சொன்னேன். கிடைக்கவில்லை. லாரியில் பலகைகளை ஏற்றின அன்று அவர் கோபப்படவில்லை. "கிடைக்காதுன்னு ஜூலையிலேயே சொல்லியிருந்தா லீவை வச்சு ஊருக்குப் போயிட்டு வந்திருப்பேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அம்மாவைப் பார்க்கப் போக வைத்திருந்த விடுமுறை அது. டிக்கெட்டுக்காகத் தள்ளி வைத்திருந்தார்.

அந்த வருடம் திரும்பி வந்ததும், பொருட்களைக் கழுவி அடுக்கின வாரத்திலேயே எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நான்கு மணி நேரம். நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அன்று எழுதினதுதான் இன்றும் நாங்கள் வைத்திருக்கும் முறை.

டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேலைகளை எழுதுகிறோம். எங்கள் கேம்ப் நிற்பதற்கு ஆறு வேலைகள் கட்டாயம்: ஊஞ்சல் சட்டம், பந்தல், மின்சாரம், தண்ணீரும் கழிவுநீரும், சமையல், கடைசியில் குப்பை துடைத்தெடுப்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். இரண்டாவது ஆள் பெயருக்கு இருந்தால் போதாது, முதல் ஆள் வராவிட்டாலும் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஊஞ்சல் சட்டத்துக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2018இல் அதைக் கட்டத் தெரிந்த ஒரே அண்ணனுக்கு ஸ்டெப்பில் ஜூலை கடைசியில் டிக்கெட் வராமல் போயிருந்தால், ஊஞ்சல் கேம்ப்பில் ஊஞ்சலே இருந்திருக்காது, அரைகுறையாகத் தெரிந்தவரைக் கட்டவிட்டு ஆட்களை உட்கார வைக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன். இப்போது மே மாதம் ஒரு வார இறுதியில் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் முழுச் சட்டத்தையும் நிறுத்துகிறோம். முதல் நாள் அண்ணன் கட்டுவார். மறுநாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மற்றவர்கள் கட்ட வேண்டும்.

ஒதுக்கீட்டு டிக்கெட் வந்தால் முதலில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு. 10 வந்தால் 6 அப்படிப் போகும். மீதி நான்கு, ஜோடியின் இரண்டாவது ஆட்களில் கஷ்டமான வேலைகளுக்கு. எத்தனை வருடமாக இருக்கிறார் என்பது கணக்கில் வராது. இதைப் பழைய நண்பர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று பயந்தேன், ஒரே ஒருவர்தான் வருத்தப்பட்டார், அவரும் மின்சாரத்துக்கு இரண்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். ஒருவருக்கு ஏன் முதலில், இன்னொருவருக்கு ஏன் பிறகு என்பது எல்லோரும் பார்க்கிற ஒரே தாளில் இருக்கிறது. நான்கூடத் தனியாக மாற்ற முடியாது.

பொது விற்பனைக்கு டிக்கெட் இல்லாதவர், இருப்பவர் எல்லோருமே பதிவு செய்கிறோம், யார் வாங்க முடிந்தாலும் உதவிதான். அப்போதெல்லாம் முன்பதிவுக்குச் சில நாட்கள்தான் தந்தார்கள், அதைத் தவறவிட்டால் விற்பனை நாளில் உள்ளேயே போக முடியாது. 2018இல் 14 பேர் முயற்சி செய்வதாக இருந்தது, இரண்டு பேர் பதிவு செய்ய மறந்ததால்தான் 12 ஆனது. இப்போது பதிவு முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடச் சொல்கிறேன். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை கேளுங்கள். முந்தைய நாள் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், கடவுச்சொல் மறந்தது அப்போதே தெரிந்துவிடும். வங்கி அட்டை இரண்டு டிக்கெட்டின் முழு விலையையும் ஒரே வீச்சில் விடுமா என்று கேட்டு வையுங்கள். ஒருவருக்குத் திரை வந்தும் அட்டை மறுக்கப்பட்டு வாய்ப்புப் போயிருக்கிறது.

இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்பதை விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட வேண்டும். மனைவிக்கு, தங்கைக்கு, நண்பருக்கு என்று எழுதலாம், அதில் தப்பே இல்லை. காலியாக விட்டால் அது கேம்ப்புடையது, வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போகும். அவர் 48 மணி நேரத்துக்குள் வாங்கினவருக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிட வேண்டும். இதனால் யார் பணமும் என் கையில் நிற்பதில்லை. வண்டி அனுமதிச் சீட்டும் இதே மாதிரிதான். அது இல்லாமல் வண்டி உள்ளே போக முடியாது, அப்போது அதற்கும் தட்டுப்பாடு இருந்தது. சீட்டு குறைந்தால் நான்கு பேர் ஒரு வண்டியில், இல்லாவிட்டால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் ரீனோவிலிருந்தும் போகிற பர்னர் எக்ஸ்பிரஸ் பேருந்தில்.

அளவு விஷயம்தான் பணத்தைக் காப்பாற்றியது. 24 பேர் என்று ஒரே திட்டம் போடாமல் 12, 18, 24 என்று மூன்று போடுகிறோம். பரிந்துரைக்கிற தண்ணீர் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1.5 கேலன், எட்டு நாளைக்கு 12 கேலன். அப்போது 12 பேருக்கு 144, 18 பேருக்கு 216, 24 பேருக்கு 288 கேலன். 288 கேலன் என்றால் கிட்டத்தட்ட 1,090 லிட்டர், ஒரு டன்னுக்கு மேல் எடை. லாரியின் அளவையே இது தீர்மானிக்கும். கழிவுநீரைத் தரையில் ஊற்றக் கூடாது என்பதால் அதற்கான தொட்டியும் இதே கணக்கில் பெரிதாகும். மார்ச்சில் 12 பேருக்கான சாமானை மட்டும் உறுதி செய்கிறோம், ஜூன் 1 அன்று கையிலுள்ள டிக்கெட்டை எண்ணி 18க்குப் போகலாமா என்று பார்க்கிறோம், ஜூலை 15 அன்று மறுபடி. கடைசி நேரத்தில் வாடகை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனாலும் வராத ஆட்களுக்கு ஜெனரேட்டர் எடுத்ததைவிடக் குறைவு. ஊஞ்சலும் அப்படியே, 12 பேர் என்றால் மூன்றுதான். கேம்ப்புக்கு இடம் கேட்டு வசந்தத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போதும் பெரிதாகச் சொல்லிவிட்டுச் சிறிதாக வந்து நிற்காமல், உறுதியாகச் செய்ய முடிந்ததை எழுதுங்கள். முன்கூட்டியே உள்ளே போய்க் கட்டுவதற்கான அனுமதியை டிக்கெட் கையில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். டிக்கெட் இல்லாமல் அந்த அனுமதியால் பயனில்லை.

பங்குப் பணத்தில் இரண்டு விதம் வைத்தோம். டிக்கெட் கிடைக்காமல் வர முடியாதவருக்கு முழுப் பணமும் திரும்ப. டிக்கெட் இருந்தும் ஜூலை 15க்குப் பிறகு விலகுகிறவருக்குப் பாதி. முன்பு இரண்டையும் ஒன்றாகப் பார்த்தோம், அது கிடைக்காதவரைத் தண்டிப்பதாக இருந்தது.

ஒரு விஷயத்தில் ஆள் குறைவதால் வேலை குறையாது, அது கடைசித் துப்புரவு. அங்கே மூப் என்பார்கள், இடத்துக்குச் சம்பந்தமில்லாமல் கிடக்கும் எதுவும் மூப்: ஒரு முடி, மரத்தூள், பந்தல் கயிற்றின் நார். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒவ்வொரு இடத்தையும் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் வெளியிடுவார்கள். கேம்ப்பின் பெயர் அதில்தான் நிற்கிறது, அடுத்த வருட இடமும் ஒதுக்கீடும் அதைப் பொறுத்தது. 2018இல் களைத்துப்போன 19 பேரில் ஞாயிறு இரவு, கடைசியில் எரிப்பதற்கென்றே அங்கே கட்டும் மரக் கோவில் எரிந்த பிறகு பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், திங்கள் காலை ஒன்பது பேர் தவழ்ந்து தேடினோம். இப்போது யார் திங்கள் மதியம் வரை இருப்பார்கள் என்பதும் அந்தத் தாளில் ஒரு கட்டம்.

2019இல் இந்த முறையோடு போனோம், 21 பேர். பலகை செய்த அக்கா பந்தலுக்கு முதல் ஆளாக இருந்தார், ஒதுக்கீட்டில் அவர் பெயர் போயிற்று. அங்கே காற்றில் ஈரமே இருக்காது, இரண்டாம் நாளே ஒரு பலகையின் ஓரம் சிலும்பு விட்டது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்து தேய்த்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் 2020, 2021 இரண்டு வருடமும் பாலைவனத்தில் நிகழ்ச்சி நடக்கவில்லை. 2023இல் மழை பெய்து தரை முழுக்கச் சேறாகி, வண்டிகள் வெளியேறுவது தள்ளிப்போனது. உணவையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதிலிருந்து தண்ணீர்க் கணக்கில் இரண்டு நாள் கூட்டியிருக்கிறோம். 2024இல் 2011க்குப் பிறகு முதல் முறையாக டிக்கெட் விற்றுத் தீரவில்லை. தட்டுப்பாடு போனால் நிம்மதி என்று நினைத்தேன், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆட்கள் ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டார்கள், எத்தனை பேருக்குத் தண்ணீர் என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஜூன் 1, ஜூலை 15 தேதிகளை அதனால் மாற்றவில்லை.

காத்திருக்கிறவர்களிடம் பேசுவதற்கும் ஒரு தேதி வைத்திருக்கிறோம், ஜூலை 31. அன்று ஒவ்வொருவரையும் நான் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். குழுவில் செய்தி போடுவதில்லை. "வரிசையில் நீங்கள் இரண்டாவது, போன வருடம் இந்தத் தேதிக்குப் பிறகு எங்களுக்கு ஒன்றுதான் வந்தது, இதை வைத்து லீவை முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவேன். அவர் நம்பிக்கையோடு காத்திருக்கலாம், இல்லை விலகலாம், இரண்டும் அவர் முடிவு. 2019இல் அப்படிப் பேசினவர்களில் மூன்று பேர் அன்றே வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள், இரண்டு பேர் காத்திருந்தார்கள். கிளம்புவதற்கு ஆறு நாள் முன்பு ஒரு டிக்கெட் வந்தது. வரிசையில் முதலில் இருந்தவருக்குப் போயிற்று. இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிண்ணா, நீங்க சொன்ன அன்னைக்கே வேலைக்குப் போறதா சொல்லிட்டேன். லாரி ஏத்துறது சனிக்கிழமைதானே?" என்று கேட்டான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தான், பலகைகளையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் எங்களோடு ஏற்றினான், கயிறு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான்.